வெள்ளை வேகன் விற்பனைக்கு

"போன வாரம் ஆயிரத்து இருநூறு டாலர்னுதானே போட்டிருந்தீங்க?"

"ஆமா. இந்த வாரம் ஆயிரத்து எண்ணூறு," என்றார் கிழவர் கிளாரி.

டீகன் குழந்தையின் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் காரைப் பார்த்தாள். பீட்டர்பரோ ஊரை விட்டு வெளியே போகிற நெடுஞ்சாலை ஓரம், கிளாரி வீட்டு வேலிக்கு முன்னால் அந்தப் பழைய வெள்ளை வேகன் நின்றது. முன் கண்ணாடிக்குள் ஒரு அட்டை. பழைய விலையை அடித்துவிட்டு மேலே புது விலை எழுதியிருந்தது.

"புதுசா ஏதாவது ரிப்பேர் பண்ணினீங்களா?"

"இல்லையே. புதுசா ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிச்சிருக்கு."

டீகன் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். வேறு யாராவதாக இருந்தால் சண்டை பிடித்திருப்பார்கள்.

கிளாரியே பானெட்டைத் திறந்து காட்டினார். "கிளட்ச் தேஞ்சு போச்சு. ஏசி போட்டா வெளிய இருக்கிற புழுதிதான் உள்ள வரும். பின்னாடி ஜன்னலை இறக்கினா ஏறாது. இந்தப் பள்ளம் கங்காரு மோதினது. கங்காருவுக்கு ஒண்ணும் ஆகல. எழுந்து, உதறிக்கிட்டுப் போயிடுச்சு."

டீகன் சிரித்துவிட்டாள். "அப்புறம் ஏன் விலை மட்டும் ஏறுது?"

"ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் இன்னும் மூணு மாசத்துக்குக் கட்டியிருக்கேனே, அது சும்மாவா? வெயில்ல நிக்காதே கண்ணு. உள்ள வா, டீ போடறேன்."

சில வாரங்களாக இதே கதைதான். வியாழக்கிழமை வருவாள். காரின் குறைகளைக் கேட்பாள். டீ குடிப்பாள். வந்த வழியே நடந்து திரும்புவாள்.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ரேலின் இதைக் கேட்டுச் சிரித்தாள். "அந்த ஆள் விக்கிறதுக்கு வெச்சிருக்கார்னு நினைச்சியா? போன மாசம் ஒரு லாரிக்காரன் கேட்ட விலையை அப்படியே எடுத்து நீட்டினான். உடனே முந்நூறு ஏத்திட்டார். பேராசை. போகும்போது காரையும் கூட வெச்சுப் புதைக்கச் சொல்வார், பாரு."

டீகன் தலையை ஆட்டிவிட்டு ஸ்டாம்ப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு அவளோடு பேசுகிறவர்கள் ரேலின், கிளாரி, அப்புறம் ராத்திரி போனில் புருஷன். அவ்வளவுதான்.

புருஷன் ப்ராடி வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்.

"ஆயிரத்து எண்ணூறா? உனக்குப் பேரம் பேசவே வராதுடி," என்றான் போனில். "நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தக் கிழவன் இன்னொரு நூறு ஏத்திடுவான். கேட்டதைக் குடுத்துத் தொலை. குழந்தைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவே? நான் இங்க நிம்மதியா வேலை பார்க்கணுமா வேணாமா?"

அடுத்த வியாழக்கிழமை பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் குழந்தையிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஆயிரத்து எண்ணூறுக்கே எடுத்துக்கறேங்க."

கிளாரி அவளைப் பார்த்தார். "பேரம் பேச மாட்டியா?"

"எனக்கு வராதுங்க."

"இன்னும் முந்நூறு ஏத்தினா?"

"ஏத்துங்க. வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக் குடுத்துடறேன்."

கவரை பானெட் மேல் வைத்தாள். கிளாரி அதைத் தொடவில்லை. அப்புறம் ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினார்.

"இந்தக் கார் எழுநூறு பெறும். அதுக்கு மேல உன்கிட்ட ஒரு டாலர் வாங்கினாலும் அது திருட்டு."

"அப்ப அட்டையில போட்டிருக்கிறது?"

"அது யாரும் வாங்கிடக் கூடாதுன்னு போட்ட விலை. இந்த விலைக்கு எவனும் மாட்ட மாட்டான்னு நினைச்சேன். நீ வந்து நிக்கறே."

அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "பார்வை சரியில்லைன்னு என் லைசென்ஸை வாங்கிக்கிட்டாங்க. ஓட்ட முடியாத கார் எதுக்குன்னு, முதல்ல நிஜமாத்தான் விக்க வெச்சேன். அட்டையை வெச்ச அன்னைக்கே நாலு பேர் நிறுத்தி இறங்கி வந்தாங்க. ஒருத்தன் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பேசிட்டுப் போனான். அதுக்கு முன்னாடி இந்த கேட்டைத் தொட்டது மீட்டர் பார்க்க வர்றவன் மட்டும்தான். கார் போயிட்டா அப்புறம் இங்க எதுக்கு நிறுத்தப் போறாங்க, சொல்லு?"

டீகன் திரும்பி அந்த கேட்டைப் பார்த்தாள்.

"சரி, அது என் பாடு. பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு நீ நடக்கறே. உன்கிட்ட விளையாடினது தப்பு."

காரின் கதவைத் திறந்து அட்டையை எடுத்தார். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினார்.

"எழுநூறு. எடுத்துட்டுப் போ."

ஒரு பெரிய லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் போனது. இரண்டு பேரும் அது மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டீகன் கவரை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவர் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கி, பழையபடி முன் கண்ணாடிக்குள் நிறுத்தினாள். தள்ளுவண்டியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"எழுநூறா?" என்றாள். "ரொம்ப ஜாஸ்திங்க. யோசிச்சுட்டு அடுத்த வியாழக்கிழமை வர்றேன்."