தம்பியின் வெள்ளை அணுக்கள்

அக்காவின் ஆய்வகத்தில், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து நிற்கிறான் தம்பி. ரத்தம் எடுத்த கையில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. கீழே வட்ட வெளிச்சத்தில், மனித உடம்பின் புரதத்தைப் போர்த்திக்கொண்டு ஓர் ஒட்டுண்ணிப் புழு வீட்டு மாப்பிள்ளை மாதிரி நெளிகிறது. இதுவரை ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வெள்ளை அணுக்கள் எல்லாம் அந்த வேஷத்தை நம்பி வழிவிட்டன. இவனுடையவையும் ஏமாந்தால் அக்காவின் ஆராய்ச்சிக்கு இன்றோடு மூடுவிழா. ஓர் அணு தயங்கி நின்று, புழுவின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலேயே ஒரு கூட்டம் மொய்க்கிறது. நெளிவு மெல்லத் தளர்கிறது. "அக்கா, நம்ம பசங்க பிடிச்சிட்டானுங்க!" குளிர்பெட்டியின் உறுமலையும் மீறிக் கத்துகிறான். அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்த அக்கா, திரும்பி அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துச் சிரிக்கிறாள். "உன் ரத்தம் இப்படி உழைக்குது, நீ மட்டும் ஏன்டா மத்தியானம் வரைக்கும் தூங்குற?" தம்பி நெஞ்சை நிமிர்த்துகிறான். "நான் நிர்வாகம்க்கா."