மேலாளரின் வீட்டுப்பாடம்

மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்காக மேலாளர் போட வேண்டிய பயிற்சிக் கணக்குகளையெல்லாம் அவருடைய உதவியாளரே போட்டுக் கொடுத்தாள். கோச்சிங் வகுப்பின் வீட்டுப்பாட மதிப்பெண்ணில் வாராவாரம் அவருக்குத்தான் முதலிடம்.

"உன் ரிப்போர்ட்டைத் தன் பேர்ல காட்டி புரொமோஷன் வாங்கின ஆளுடி! அவருக்குப் போய் மாடா உழைக்கிறியே?" என்று கொதித்தாள் தோழி.

"சாருக்குக் கை வலிக்கக் கூடாதுடி" என்றபடி அடுத்த கணக்குக்குத் தாவினாள் அவள்.

தேர்வு முடிவு வந்தது. கம்பெனி செலவில் படிக்க இருந்த ஒரே இடம் மேலாளருக்குக் கிடைக்கவில்லை.

"என்னத்தைப் போட்டுக் கிழிச்சே? ஹால்ல எனக்கு ஒரு கணக்குகூட வரல!" என்று அவள்மேல் பாய்ந்தார்.

"நான் போட்டது ஒண்ணாவது தப்பா சார்? ஆறு மாசமா உங்களை ஒரு கணக்காவது போட விட்டேனா?"

அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"நானும் எழுதினேன். அந்த இடம் எனக்குத்தான். இது ரெண்டு வருஷப் படிப்புக்கான லீவு லெட்டர். கையெழுத்தை மட்டும் நீங்களே போட்டுடுங்க சார்!"