இடப்பக்கத்துக் கால்தட்டு

பைபாஸ் சாலை ஒர்க்‌ஷாப்பில் அப்போது இருந்தவர்கள் மெக்கானிக் பஷீர், பைக்கின் சொந்தக்காரி முத்தரசி, அவள் கணவன் கிரிதரன், அவளுடைய அப்பா செண்பகராமன்.

வேறு யாரும் இல்லை.

கிரிதரன் தன் காரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். பைக் வெளியே போக வழியில்லை.

முத்தரசி கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பைக் அது. கல்யாணமான கையோடு கிரிதரன் அதன் இடப்பக்கத்தில் ஓர் இரும்புத் தட்டை மாட்டினான். சேலை கட்டிய பெண்கள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து கால் வைக்கும் தட்டு. அன்றிலிருந்து தன் வண்டியிலேயே அவள் பின்னால் உட்கார்ந்து போனாள்.

இன்று பஷீர் வண்டியின் முன்கம்பியில் இரண்டு கால்தாங்கிகளைப் பொருத்தியிருந்தான். காலை நீட்டி வைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டலாம். தூத்துக்குடியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

பஷீர் தட்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான்.

"இதைக் கழட்டிரலாங்களாக்கா?"

அவள் தலையசைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா," என்றான் கிரிதரன். "ஒத்தைப் பொம்பள இத்தனை தூரம் வண்டியோட்டிட்டுப் போனா, ஓடிப்போயிட்டாள்னு தானுங்க பேசுவாங்க? பேரு கெடறது உங்களுக்குங்க."

சமாதானம் பேசத்தான் செண்பகராமனை வரவழைத்திருந்தார்கள். அவர் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பியதில்லை. அதை அவரே பல சபைகளில் சொல்லியிருக்கிறார்.

மகளைப் பார்த்தார். அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தடவை அவர் வந்தபோது வீடு வெளியே பூட்டியிருந்தது. மாப்பிள்ளை வந்து திறக்கும்வரை அவள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். திருட்டுப் பயம் என்றார்கள். அவரும் நம்பினார்.

அன்றும் அவள் இப்படித்தான் நின்றாள்.

"தட்டு இருக்கட்டும் தம்பி," என்றார்.

பஷீர் போல்ட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துவிட்டான். கிரிதரன் புன்னகைத்தான். முத்தரசியின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

அவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு குனிவது அவருக்கு எளிதல்ல.

"ஏறும்மா."

இடுப்பில் கம்பி வைத்த நாளிலிருந்து அவருக்குக் கால் அகலாது. வண்டியில் ஆண்களைப் போல உட்கார முடியாது. பெண்களைப் போல உட்கார மாட்டேன் என்று, எத்தனை பேர் கூப்பிட்டும் வெயிலில் நடந்தே போனவர்.

வெள்ளை வேட்டியை இழுத்துவிட்டு, தோள் துண்டால் வெயிலுக்குத் தலையை மூடிக் கட்டினார். மகளின் தோளைப் பிடித்தார். ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தார்.

இரண்டு கால்களையும் தட்டில் வைத்தார்.

முதுகு மட்டும் வளையவில்லை.

"என்னங்க மாமா, பொம்பளையாட்டம்," என்று சிரித்தான் கிரிதரன்.

"எம் மவள நான் கூட்டிட்டுப் போறேன். காரை எடுங்க, மாப்ளே."

சிரிப்பு நின்றது. அவர் மாப்பிள்ளையிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை.

கார் நகர்ந்தது.

வெள்ளை உடுத்து, முக்காடிட்டு, ஒருக்களித்து உட்கார்ந்து யாரோ ஒரு கிழவி வந்து, முத்தரசியின் மனதைக் கெடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று, வண்டி போனதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கிரிதரன் வீட்டுத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள்.

கிழவி யாரும் வரவில்லை. வந்தது அவளுடைய அப்பா.