சாயங்காலத்துக் கூப்பாடு

அவள் தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

மேடையில், விளக்குகளுக்கு நடுவே, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒவ்வொரு கீயாகத் திருகினாள். பேஸ் கிதாரின் தடித்த தந்திகள் வழக்கமான சுருதியை விட்டு இறங்கிக்கொண்டே போயின.

பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த ரெமிஜியுஸ் அவள் விரல்களையே பார்த்தான். ஒத்திகையில் இப்படி இல்லை.

ஒத்திகையில் அவள் பாடவே இல்லை. வாசித்ததோடு சரி.

தூத்துக்குடிக் கடற்கரை மைதானத்தில் இசை விழா. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சலேத் மறுபடி பாட வருகிறாள் என்று கேள்விப்பட்டு ஊரே திரண்டிருந்தது.

அவளும் ரெமியும் ஒரே தெரு. கோயில் பாடற்குழுவில் பேஸ் வாசித்தவர் கப்பல் வேலைக்குப் போய்விட, கிதாரை இவள் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை. விரலில் தோல் உரிந்தது. விடவில்லை. பிறகு கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் யார் யாரோ முன்னால் நின்று பாட, இவள் பின்னால் நின்று வருஷக்கணக்காக வாசித்தாள்.

ஒருநாள் தன் பாட்டைத் தானே பாடினாள்.

அதில் மாதா கோயில் பாட்டு இருந்தது. கொழும்பிலிருந்து வந்த பைலா ஆட்டப்பாட்டு இருந்தது. இழவு வீட்டு ஒப்பாரியும் இருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத மூன்றும் அவள் பேஸின் மேல் ஏறி ஒன்றாக நடந்தன.

இதை எந்த வகையில் சேர்ப்பது என்று பாட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் தெருவில் கேட்டதைப் பாடுகிறேன், பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

‘தொரையே’ பாட்டுதான் அவளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அப்பா செத்த அன்றைக்கு அவள் அம்மா அவரைக் கூப்பிட்ட கூப்பாடு அது. கடைசியில் ஓர் இடம் வரும். ‘தொரையே’ என்று குரல் மேலே மேலே போய், இனி இடமில்லை என்கிற உயரத்தில் நிற்கும். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் அவள் கழுத்தில் கட்டி. அறுவைச் சிகிச்சை.

கட்டி போனது. கூடவே அந்த உயரமும் போனது. பேச்சு வரும், மேல் சுருதி இனி வராது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. ரெமி போய்ப் பார்த்தபோதெல்லாம் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பேஸ் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் அவளாகவே ஒத்திகைக்கு வந்து நின்றாள்.

இப்போது அவனுடைய இடது கைப்பக்கம் ஒரு பேட் இருந்தது. குச்சியால் ஒரு தட்டு தட்டினால், அதில் ஏற்றி வைத்திருப்பது ஸ்பீக்கரில் ஒலிக்கும். விழாக்காரர்கள் அவளுடைய பழைய ரெக்கார்டிங்கிலிருந்து அந்த ஒரு ‘தொரையே’வை மட்டும் வெட்டி அதில் ஏற்றியிருந்தார்கள். அவளால் முடியாமல் போனால் தட்டிவிடுங்கள், சனங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள்.

அவன் தலையாட்டியிருந்தான். அவளிடம் சொல்லவில்லை.

தந்திகளை இறக்கி முடித்து அவள் திரும்பினாள். பேட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“ரெமி, நான் மேல ஏறப்போறதில்ல. கீழ எறங்கப்போறேன். பயப்படாத, கூட வா.”

மணலில் படகை இழுப்பதுபோல் இருந்தது குரல்.

ஆரம்பித்தாள். முதல் சுரத்திலேயே பாட்டு எதுவென்று தெரிந்துகொண்டு கூட்டம் ஆரவாரித்தது. அவள் வாயைத் திறந்ததும் அப்படியே அடங்கிப்போனது.

முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்களுக்குத் தெரிந்த சலேத் இல்லை இது. ரெமிக்குத் தெரிந்தவளும் இல்லை. கரகரத்து, பாதி மூச்சாகவே வந்தது குரல். அவள் அதை மறைக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

அந்த இடம் வந்தது.

கூட்டம் பழக்கத்தில் முகத்தை மேலே தூக்கியது. ரெமியின் இடது கை பேட்டுக்கு மேலே போய் நின்றது.

அவள் இறங்கினாள்.

ஒரு படி. இன்னொரு படி. இதற்கு மேல் இறங்க முடியாது என்று அவன் நினைத்த இடத்தையும் தாண்டி இறங்கினாள். ‘தொரை’ வரைக்கும் குரல் வந்தது. அங்கே அறுந்தது. மிச்சத்தைத் தந்தி வாங்கிக்கொண்டது. அது தந்திதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ‘யே’ என்றுதான் காதில் விழுந்தது.

மேடைப் பலகை அதிர்ந்தது. யாரும் தொடாத அவனுடைய ஸ்நேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகள் தாமாகவே சிலிர்த்தன.

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

அந்தச் சாவு வீட்டில் அவனும் இருந்தான். பழைய பாட்டில் இருந்தது காலையில் அவள் அம்மா கூப்பிட்ட கூப்பாடு. அப்போது அம்மாவுக்குத் தொண்டையில் பலம் இருந்தது, அவர் எழுந்து வந்துவிடுவார் என்பதுபோல் கூப்பிட்டாள். சாயங்காலம் பெட்டியை மூடும்போதும் கூப்பிட்டாள். நாளெல்லாம் அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. யாருக்கும் கேட்காமல், பெட்டிக்குள் இருந்தவருக்கு மட்டுமாகக் கூப்பிட்டாள்.

இது அது.

பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்டிராத அதை, இப்போது மைதானம் முழுக்கக் கேட்டது.

அவன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். எப்போது வாசிப்பதை நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கைத்தட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை.

அவள் கும்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கைத்தட்டலுக்கு அடியிலேயே அடுத்த பாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ரெமி அதை அடையாளம் காண முயன்றான். அவளுடைய எல்லாப் பாட்டும் அவனுக்குத் தெரியும்.

இது தெரியவில்லை.

குச்சிகளை எடுத்தான். அடி எங்கே விழவேண்டும் என்று தெரியாமல், அவள் முதுகையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.