முப்பதாவது ஆள்

“இருபத்தொன்பது ஆயிட்டு சார். நீங்க ஒரு ஆள்தான் பாக்கி.”

“அப்ப இருபத்தொன்பதோடயே கடையை மூடுங்க டீச்சர்.”

ஜெபசிங் தலையைத் தூக்கவில்லை. வாலிபாலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பள்ளியின் பி.டி. மாஸ்டர். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட மெடிக்கல் லீவு போட்டதில்லை.

அவள் விளையாட்டுச் சாமான் அறையின் வாசலிலேயே நின்றாள். கையில் படிவம்.

மூன்று வாரமாக இதே அலைச்சல். கெமிஸ்ட்ரி லேபில். வேன்கள் நிற்கும் இடத்தில். மதியம் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில்.

பள்ளி ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ். முப்பது பேர் சேர்ந்தால் பிரீமியம் குறைவு. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. ஓர் ஆள் குறைந்தாலும் கம்பெனி ஒத்துக்கொள்ளாது.

இன்று கடைசி நாள்.

“எனக்குக் காய்ச்சலே வராது. எவனோ ஆஸ்பத்திரியில படுக்கதுக்கு நான் எதுக்குத் தண்டம் அழணும்? சொல்லுங்க.”

அந்த எவனோ, அவள் புருஷன்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால், தன் வீட்டு ஆபரேஷனுக்கு ஊரைக் கூட்டுகிறாள் என்பார்கள். எல்லாருக்கும் நல்லதுதானே என்று சிரித்துச் சிரித்தே இருபத்தொன்பது கையெழுத்து வாங்கியிருந்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

“எங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட்டுல வால்வு மாத்தணும் சார். தைக்குள்ள செஞ்சிரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

பம்பு நின்றது.

வெளியே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக் கத்தினார்கள். அவர் விசிலைத் தேடவில்லை. எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“இதுல சேர்றதுக்கு டெஸ்ட் ஏதும் எடுப்பாங்களா?”

“கிடையாது சார்.”

“ரத்தம், ஸ்கேன்... ஒண்ணும்?”

“ஒண்ணும் கிடையாது.”

“வைத்தியம் பார்த்தா ரிப்போர்ட்டு ஸ்கூலுக்கு வருமா? கரஸ்பாண்டன்ட் பார்ப்பாரா?”

“கம்பெனியோட சரி சார். இங்க வராது.”

பந்தை மெதுவாகத் தரையில் வைத்தார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவள் நீட்டிய பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. படிவத்தை மற்றவற்றோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள்.

“டீச்சர்.”

பின்னாலேயே வந்திருந்தார்.

சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

“கார்டு என்னைக்குக் கைக்கு வரும்? இந்த மாசத்துக்குள்ள வந்துரும்லா? உங்களுக்கு என்ன தோணுது?”