எதிர்வீட்டு இஸ்திரி மேசை

"ஒரு இஸ்திரி மேசை செய்றதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

ஜன்னலோரம் நின்று முணுமுணுத்தாள் கார்குழலி.

எதிர்வீட்டு வாசலில் மஜீத் பிளைவுட் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவி ஸமீஹாவை நிற்கவைத்து, தரையிலிருந்து அவள் இடுப்பு வரைக்கும் டேப் பிடித்துப் பார்த்தான்.

"கையைக் கொஞ்சம் மடக்கு. பெட்டியைப் பிடிக்கிற மாதிரி. ம்... இந்த உயரம் வச்சா உனக்கு முதுகு வலிக்காது."

முதுகு என்றதும் கார்குழலிக்குச் சுருக்கென்றது.

சாரம் பகுதியில் அந்தத் தெருவுக்கே பதினாலு வருஷமாக அவள்தான் டெய்லர். சாப்பாட்டு மேசையில் கம்பளியை மடித்துப் போட்டு, மேலே ஒரு போர்வையை விரித்துத்தான் இஸ்திரி. குனிந்து குனிந்து முதுகு விட்டே போயிற்று. அவளை யாரும் நிற்கவைத்து அளந்ததில்லை.

"இங்க பாருங்க, எதிர்வீட்டுல பொண்டாட்டிக்கு அளவெடுத்து மேசை செய்றாரு."

கணவன் வடிவேல் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவரு ஃபர்னிச்சர் கடையில வேலை செய்றாரு, மேசை செய்றாரு. நான் பஸ் ஓட்டறவன். உனக்கு இன்னா, ஸ்டியரிங் மாட்டித் தரட்டுமா?"

ஸமீஹா வீட்டு முன்னறையைத் தையல் அறையாக்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் கார்குழலியிடம் வந்துகொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஜெயம் டீச்சர்கூட, மகள் நிச்சயதார்த்தத்துக்கான பட்டு ஜாக்கெட்டை அங்கேதான் கொடுத்திருந்தாள்.

"சின்னப் பொண்ணு, புது மாடலெல்லாம் தைக்குது. நீ தப்பா எடுத்துக்காத கார்குழலி" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டும் போனாள்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள் கார்குழலி. ஆனால் டீச்சரை அல்ல.

மறுநாள் ஸமீஹாவே வந்தாள்.

"அக்கா, மேசை ரெடி. மேல மெத்துன்னு கட்டணும். கம்பளி போட்டு, அதுக்கு மேல காடாத் துணியை இழுத்து ஆணி அடிச்சாப் போதுமா? தொழில்ல நீங்க பெரியவங்க. உங்களைக் கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு எங்க வீட்டுக்காரரை நிறுத்தி வச்சிருக்கேன்."

போதும். அதுதான் சரியான முறை. அதைச் சொல்லத்தான் கார்குழலி வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கம்பளி எதுக்கு, சொரசொரன்னு? உங்க வீட்டுக்காரர் கடையில சோபாவைச் சுத்தி வெள்ளையா ஃபோம் வருமே, அதை நாலா மடிச்சுப் போடு. மெத்துன்னும் இருக்கும், செலவும் இல்ல."

"அட, எனக்கு இது தோணவே இல்லக்கா! நல்லவேளை கேட்டேன்."

அவள் போனபிறகும் கார்குழலி அதே இடத்தில் நின்றாள். அந்த ஃபோம் சூட்டில் உருகும். தொழிலுக்கு வந்த புதிதில், தன்னுடைய கல்யாணப் புடவையையே பலி கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஊசி இரண்டு தடவை உடைந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினாள். அந்த நேரம் பார்த்து, மஜீத் ஏதோ சொல்ல ஸமீஹா கலகலவென்று சிரிப்பது எதிர்வீட்டிலிருந்து கேட்டது.

செருப்பைக் கழற்றி விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அங்கே சிரிப்புக்குப் பதிலாக ஜெயம் டீச்சரின் குரல்தான் கேட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"நாளன்னிக்கு நிச்சயதார்த்தம்! பட்டு மேல பிசின் மாதிரி இன்னாத்தையோ ஒட்ட வச்சிருக்க. பாழாக்கிட்டியே!"

கார்குழலிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்தப் பால் புளித்துப்போயிற்று.

டீச்சர் நேராக இங்கேதான் வந்தாள்.

"உன்கிட்டயே கொடுத்திருக்கணும். வீட்டுல மிச்சத் துணி இருக்கு, எடுத்தாந்து தரேன். நாளைக்குள்ள தைச்சுக் குடுத்துடு, புண்ணியமாப் போவும். யார் சொல்லி அந்தக் கண்றாவியை மேசையில போட்டேன்னு கேக்கறேன், அந்தப் பொண்ணு வாயே திறக்கல."

டீச்சரின் தோளுக்குப் பின்னால் ஸமீஹா தெருவைத் தாண்டி ஓடிவருவது தெரிந்தது. தலையில் போட்டிருந்த முக்காடு நழுவிக் கிடந்தது. சுட்டுக்கொண்ட விரலில் பற்பசை தடவியிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

சண்டைக்குத்தான் வருகிறாள். டீச்சர் முன்னாலேயே கேட்டு நாறடிக்கப்போகிறாள். கேட்கட்டும். 'நான் எப்ப ஃபோம் போடச் சொன்னேன்? நீதான் தப்பாப் புரிஞ்சிக்கினே!' கார்குழலி பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஸமீஹா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் சாப்பாட்டு மேசைக்குப் போய், சூடேறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பிறகு கார்குழலியின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போய், டீச்சர் காதில் விழாதபடி மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அக்கா, அந்த ஃபோம் சூட்டுல உருகுதுக்கா. நீங்களும் அதைத்தானே போட்டிருப்பீங்க? உடனே எடுத்துடுங்க. என்னைப் பேசின மாதிரி உங்களையும் யாராவது பேசிடப்போறாங்கன்னுதான் ஓடியாந்தேன்."