அவன் உயரத்து நாற்காலி

நாற்காலியை எல்லோரும் பார்க்கும்படி தள்ளிக்கொண்டு போனான்.

சக்கரம் சத்தமே போடவில்லை. நல்ல நாற்காலி. கறுப்பு வலை முதுகு, இடுப்பைத் தாங்க ஒரு புடைப்பு, தலைக்குத் தனியே ஒரு சாய்மானம். டாக்டர் கடிதம் கொடுத்து ஆபீஸில் வாங்கியது. வந்த அன்றே ஒருவர் வந்து, அவனை உட்கார வைத்து, அவன் ஆறடிக்குத் தோதாக எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி முடுக்கிவிட்டுப் போனார்.

அந்த மாடியில் மற்ற நாற்காலிகள் எல்லாம் நீலம்.

எதிர் வரிசையில் செண்பகவல்லியின் மேசை முன் நிறுத்தினான்.

“உனக்குக் கழுத்து வலின்னு சொன்னியே. கொஞ்ச நாள் இதுல உக்காரு.”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். “அப்ப உங்களுக்குண்ணே?”

“எனக்கு இப்போ தேவலை.”

தேவலை இல்லை. காலையில் குனிய முடியவில்லை. மனைவிதான் ஷூவை மாட்டிவிட்டாள். இடுப்பில் குழந்தையோடு, ஒரு கையால்.

செண்பகவல்லி தன் நீல நாற்காலியை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். “வலி வந்தா உடனே கேளுங்க, என்ன?”

தலையாட்டினான்.

முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் முதுகுவலிதான் பேச்சு.

அந்த மேசையில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வலி. எல்லோரிடமும் ஏதாவது ஒரு வைத்தியம். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டால் போதும் என்றார் ஒருவர். காலையில் கம்பங்கூழ் என்றாள் ஒருத்தி. நின்றுகொண்டே வேலை செய்யணும், வீடியோ அனுப்புறேன் பார் என்றான் இன்னொருவன். சபரிநாதன் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் அது அதிருமாம்.

“அதிர்ந்தா எழுந்திருப்பியா?”

“எங்க எழுந்திருக்கிறது. மீட்டிங்ல இருப்பேன். அது பாட்டுக்கு அதிரும், நான் பாட்டுக்கு இருப்பேன்.”

சிரித்தார்கள்.

பிறகு சபரிநாதன், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“போன மாசம் ரெண்டு பேரை வேலைய விட்டு அனுப்பினாங்கல்ல. ரெண்டு பேருமே டாக்டர் லெட்டர் குடுத்து நாற்காலி வாங்கினவங்க. கவனிச்சீங்களா?”



கறுப்பு நாற்காலிக்காரன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அதுதான் பயமாக இருந்தது. வீட்டில் சம்பளம் ஒன்றே ஒன்று.

நாற்காலியைக் கொடுத்த மறுநாள் செண்பகவல்லி கடலை மிட்டாய் கொண்டுவந்தாள். ஊரிலிருந்து அவள் அண்ணன் கொடுத்துவிட்டது. முதல் துண்டு அவனுக்கு.

“நாற்காலி எப்படி?”

“சிம்மாசனம்ணே.”

சாய்மானம் அவள் உச்சந்தலைக்கு மேலே நின்றது. கழுத்து வலிக்காரிக்கு அதனால் என்ன பயன் என்று அவன் யோசிக்கவில்லை.

“கர்ணன்டா நீ” என்றான் சபரிநாதன். கேலியா இல்லையா என்று தெரியவில்லை.

வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. யாரும் பார்க்காத நேரம் தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்ஆர் பெண் கண்ணாடி அறையிலிருந்து வந்தாள். அவன் வரிசையில் நுழைந்தாள். அவனைத் தாண்டி எதிர் வரிசைக்குத் திரும்பினாள். செண்பகவல்லியின் தோளை மெல்லத் தொட்டாள்.

“ஒரு அஞ்சு நிமிஷம் வரீங்களா? லேப்டாப்பும் எடுத்துக்குங்க.”

திரும்பி வந்தபோது லேப்டாப் இல்லை. கழுத்தில் அடையாள அட்டையும் இல்லை.

அந்த மாடி முழுக்க டைப் அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. தலைகள் நிமிரவில்லை.

டிபன் டப்பா. ஏசி குளிருக்குப் போர்த்தும் சால்வை. மீதிக் கடலை மிட்டாய். பையில் போட்டாள். முகம் கழுவியிருந்தாள். போகிற வழியில் அவன் மேசை அருகே நின்றாள்.

“நாற்காலிய எடுத்துக்குங்கண்ணே. நீங்க பாட்டில் வச்சு உக்காந்திருக்கறத பாத்தேன். கேப்பீங்கன்னுதான் இருந்தேன்.”

அவன் பாட்டிலை முதுகுக்குப் பின்னாலிருந்து உருவினான்.

அவள் போய்விட்டாள்.

லிஃப்ட் மூடும் சத்தம் கேட்டபின் எழுந்து அவள் இடத்துக்குப் போனான்.

மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி. பிரிண்டர் காகிதம் வந்த பெட்டி. மேல்பக்கம் இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது. பாதம் வைத்து வைத்து.

நாற்காலிக்கு அடியில் ஒரு பிடி உண்டு. லேசாகத் தூக்கினால் போதும், இறங்கிவிடும்.

அவள் இறக்கவில்லை. கை வைக்கும் இடம், சாய்வு, இடுப்புப் புடைப்பு, எல்லாம் அவனுக்கு வைத்தபடியே இருந்தன.

முதுகுப் பக்கத்தை ஒருமுறை தடவினான். தன் நீல நாற்காலிக்கே திரும்பிவந்து உட்கார்ந்தான்.

மாலையில் காலி மேசைகளை ஒழுங்கு செய்கிறவர் வந்தார்.

“இந்தக் கறுப்பு நாற்காலி யாரோடது சார்?”

சபரிநாதன் அவனைப் பார்த்தான். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

“போனவங்களோடது” என்றான் அவன்.

அவர் ஆசைக்கு ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்த்தார். கால் தரையில் படாமல் ஆடியது. சிரித்தார்.

“யாரோ நல்ல உயரம் போல சார்.”

சுற்றிலும் பார்த்தார்.

அவன் எழுந்திருக்கவில்லை. திரைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.